அரைக்காசு வாலாம்பாள்

முதலில் கையைக் கழுவுவாள். பேருக்கு நனைத்துக்கொண்டு வருகிற கதையெல்லாம் கிடையாது. சோப்புப் போட்டு, விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, நகக்கண்ணில் ஒட்டிய தோசைமாவு வரைக்கும் எடுத்தாக வேண்டும். துடைப்பதற்கென்று கொடியில் தனியாக ஒரு வெள்ளைத் துண்டு தொங்குகிறது. தப்பித்தவறி அவள் புருஷன் வைத்தி அதில் முகத்தைத் துடைத்துவிட்டால் போச்சு, அன்றைக்குக் காபியில் சர்க்கரை இருக்காது. துடைத்த கையை மின்விசிறிக்குக் கீழே காட்டி, ஈரம் போயிற்று என்று தெரிந்த பிறகுதான் ஜன்னலோரத்து மேஜைக்கு வருவாள். ஆல்பத்தைத் திறந்து, கண்ணாடித்தாள் உறையிலிருந்து ஒரு காசை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக விளிம்பை மட்டும் பிடித்து வெளியே எடுப்பாள். காசு என்றதும் பெரிசாக ஏதோ நினைத்துக்கொள்ள வேண்டாம். அவள் நெற்றியில் இருக்கிற குங்குமப் பொட்டு அளவுதான்.

"மூஞ்சில விரல் படப்படாது," என்பாள், யாராவது பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தால். "நூத்தம்பது வருஷமா எத்தனையோ பேர் கை பட்டுத் தேஞ்சாச்சு. நம்ம பங்குக்கும் தேய்க்கணுமா?"

வாலாம்பாளுக்கு அறுபது தாண்டிவிட்டது. தச்சநல்லூரில் வீடு. பாளையங்கோட்டையில் ஒரு பழைய அச்சகத்தில் புரூஃப் திருத்தி ஓய்வு பெற்றவள். ஈயத்தில் எழுத்துக் கோத்த காலத்தில் உள்ளே போய், கம்ப்யூட்டர் வந்த பிறகு வெளியே வந்தாள். ஜெபப் புத்தகம், பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம் என்று எல்லாச் சாமிக்கும் எல்லா ஜாதிக்கும் சேர்த்துப் பிழை பார்த்த கண். அந்தக் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க அவளுக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் போனால் கடைப் பலகைகளைத் திருத்திக்கொண்டே போவாள். வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் 'தள்ளுபடி'யில் ஒரு புள்ளி விட்டுப் போயிற்று என்று இறங்கிப் போய்ச் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் வந்தவள். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற வைத்திக்கு இதெல்லாம் பழகிப்போய்விட்டது. பழகாமல் இருந்தது இந்தக் காசுகள்தான்.

அமெரிக்க வெள்ளிக் காசு. அதுவும் பழசு, அதிலும் சின்னது. டாலர், அரை டாலர் என்று யாராவது காட்டினால், "இது காசா, தாம்பாளமா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வாள். மூன்று சென்ட் காசு ஒன்று வைத்திருக்கிறாள், பெண்குழந்தைகளின் ஒட்டுப்பொட்டு மாதிரி, மூச்சு விட்டால் பறந்துவிடும். பத்து சென்ட் காசுதான் மேல் எல்லை. நடுவில் இருக்கிற ஐந்து சென்ட் காசின்மேல்தான் உயிர். அந்த ஊர்க்காரன் பத்து சென்ட்டுக்கு 'டைம்' என்றும், அதில் பாதியான இதற்கு 'ஹாஃப் டைம்' என்றும் பெயர் வைத்திருக்கிறான். வாலாம்பாள் அந்தப் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னது இல்லை. அவளுக்கு அது அரைக்காசு. பாதிக் காசுக்குத் தமிழில் பெயர் இருக்கும்போது எதற்கு இன்னொன்று என்பது அவள் கட்சி. ஒருமுறை ஒரு காசு கைதவறி உருண்டு காணாமல் போனபோது, காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிற அரைக்காசு அம்மனுக்கே வெல்லம் நேர்ந்துகொண்டாள். காசு கிரைண்டருக்கு அடியில் கிடைத்தது. "அவ பேர்லயே இருக்கற காசு. அவ தேடித் தராம வேற யார் தருவா?" என்று வைத்தியிடம் கேட்டாள்.

இந்தக் காசுப் பைத்தியம் பிடித்த கதை சாதாரணமானதுதான். மகன் முகுந்தன் ஒஹையோவில் இருக்கிறான். மருமகள் பிரசவத்துக்கு இவர்கள் இரண்டு பேரும் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரோ ஒரு கிழவர் தன் வீட்டு வாசலில் மேஜை போட்டுப் பழைய சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். மற்ற மாமிகள் அங்கே நான்ஸ்டிக் சட்டியைத் தேடுவார்கள். வாலாம்பாள் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றவள் நின்றவள்தான். மருமகள் கைப்பை வாங்கிக்கொள்ளக் கொடுத்த டாலரைக் கொடுத்து, கறுத்துப்போன ஒரு அரைக்காசை வாங்கிக்கொண்டாள். ஊரில் எல்லோருக்கும் பாதாமும் சாக்லேட்டும் வந்தது. அவளுக்கு அது வந்தது.

வந்த வெள்ளிக்கிழமையே அதைக் கெடுத்தும் விட்டாள். நம் வீடுகளில் வெள்ளி என்றால் என்ன செய்வோம்? குங்குமச்சிமிழ், சந்தனப்பேலா, பஞ்சபாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு விபூதியால் தேய்ப்போம். அந்த வரிசையில் அமெரிக்காக்காரியையும் உட்கார்த்தித் தேய்த்துவிட்டாள். பளபளவென்று ஆகிவிட்டது. பெருமையாக வீடியோவில் காட்டினாள். முகுந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"அம்மா, அந்தக் கறுப்புதாம்மா அதோட வயசு. அதைப் போய்த் தேச்சுட்டியே."

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. நூற்றைம்பது வருஷம் மெல்ல மெல்லப் படிந்ததை அரை நிமிஷத்தில் அழித்துவிட்டோம் என்ற எண்ணம் அவளை விடவில்லை. அந்தக் காசு இன்றைக்கும் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வெட்கம் இல்லாமல் மின்னிக்கொண்டு இருக்கிறது. "முதல் பக்கத்துலயே நம்ம தப்பு ஒண்ணு இருந்தாத்தான் மத்த பக்கத்துல கவனம் வரும்," என்பாள். விரல் படக் கூடாது என்ற சட்டம் அதற்கப்புறம் வந்தது. ஆற்றுக்காற்று ஈரம் வெள்ளிக்கு ஆகாது என்று கேள்விப்பட்டதும், மருந்துக் குப்பியிலும் செருப்புப் பெட்டியிலும் வருமே, 'தின்னக் கூடாது' என்று எழுதிய சின்னப் பொட்டலம், அதையும் சேர்க்க ஆரம்பித்தாள். தெருவே அவளுக்காகச் சேர்த்தது. ஆட்டோ ஓட்டுகிற சுடலைக்கண்ணு புது ஷூ வாங்கினால் பொட்டலத்தை நேரே கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் ஷூவைப் போடுவான். "மாமி, இந்தா ஒங்க பிரசாதம்," என்பான்.

வைத்தி ரொம்ப நாள் கேலி பண்ணிக்கொண்டுதான் இருந்தார். அரைக்காசுக்குப் பிரயோஜனம் இல்லாத வேலை என்று அவர் சொன்னால், "காசே அரைக்காசுதானே, அதுக்கு மேல பிரயோஜனத்துக்கு எங்க போறது" என்று அவள் பதில் சொல்வாள். அப்படியே போயிருக்கும். ஒருநாள் மத்தியானம் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, லென்ஸைக் கையில் கொடுத்து, பார்க்கச் சொன்னாள்.

பார்த்தார். ஒரு பெண் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கையில் கோல், அதன் நுனியில் ஒரு தொப்பி. இன்னொரு கை கேடயத்தின்மேல். உடுத்திய துணி முழங்காலில் விழுந்து மடிந்து பாதத்தில் வந்து குவிகிறது. அந்த மடிப்பில் ஒவ்வொரு கோடும் தெரிகிறது. சுற்றி நட்சத்திரங்கள். பாதத்தில் விரல்கூட இருக்கிறது. வைத்தி லென்ஸை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். ஒரு பொட்டு வெள்ளி. மறுபடி லென்ஸை வைத்தார். அவள் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணாபுரத்துக் கோயில் சிலைகளில் நகக்கண்ணைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறானே என்று சின்ன வயதில் வாய் பிளந்து நின்றது அவருக்கு ஞாபகம் வந்தது. அங்கேயாவது ஆள் உயரக் கல் இருந்தது.

"இதை ஒருத்தன் கையால செதுக்கினானா?"

"பின்னே? இதுல என்ன அதிசயம்னா, இதை வச்சுண்டு யாரோ ஒரு குழந்தை மிட்டாய் வாங்கித் தின்னிருக்கும். இவ்வளவு அழகைக் கொடுத்துட்டு மிட்டாய் வாங்கிண்டு போயிருக்கும், பாருங்கோ."

வைத்தி அன்றோடு கேலியை விட்டுவிட்டார் என்று சொன்னால் பொய். ஆனால் தினமும் காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்கு எதிரிலேயே வந்து உட்கார ஆரம்பித்தார்.

ஆல்பத்தில் எத்தனையோ இருந்தாலும் ராணி ஒன்றுதான். 1858ஆம் வருஷத்துக் காசு. முகுந்தன் அவள் பிறந்தநாளுக்கு வாங்கி அனுப்பிய ஒரு பொட்டலத்தில், தேய்ந்த காசுகளோடு தேய்ந்த காசாக வந்தது. அவள் லென்ஸை வைத்தாள், அப்படியே இருந்தாள். காபி ஆறிப்போயிற்று. அப்புறம் மெதுவாக, "ஏன்னா, இவன் தலைகீழாக் கோத்திருக்கான்," என்றாள்.

விஷயம் இதுதான். காசு அடிக்கிற அச்சை வெட்டியவன் வருஷத்தை முதலில் தலைகீழாக அடித்துவிட்டான். பார்த்திருக்கிறான், பதறியிருக்கிறான், அதன்மேலேயே நேராகத் திருப்பி அடித்திருக்கிறான். முதலில் அடித்தது முழுசாகப் போகவில்லை. நேரான எண்களுக்கு நடுவிலும் மேலேயும் மெலிசாக நிற்கிறது. "எட்டு தலைகீழா நின்னாலும் எட்டுதான், அது தப்பிச்சுடும். ஒண்ணும் அஞ்சும்தான் காட்டிக் கொடுத்துடுத்து," என்று விளக்கினாள். இப்படிப்பட்ட காசு சேகரிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான், அதற்கென்று தனிப்பெயரே இருக்கிறது என்று முகுந்தன் சொன்னான். பேரெல்லாம் அவளுக்கு முக்கியம் இல்லை. ஈய எழுத்தைத் தலைகீழாகச் செருகிவிட்டு முழிக்கிற கம்பாசிட்டரை அவள் எத்தனை பார்த்திருக்கிறாள். கொக்கிரகுளத்துக்கு ஆற்றுப்பாலம் வந்திருந்தது, நெல்லைக்கு ரயில் இன்னும் வரவில்லை, அந்தக் காலத்தில் கடல் தாண்டி ஒருத்தன் அதே தப்பைச் செய்துவிட்டு அதே மாதிரி முழித்திருக்கிறான். அவனை அவளுக்குத் தெரியும். அவன் அவளுடைய ஆள்.

அவளோடு அச்சகத்தில் வேலை பார்த்த தானியேலைக் கூப்பிட்டனுப்பிக் காட்டினாள். அவர்தான் அங்கே கம்பாசிட்டர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, லென்ஸில் பார்த்து, ரொம்ப நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தினார்.

"அக்கா, இவன் நம்ம பிரஸ்ல இருந்திருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

"இருக்கட்டும்னு எழுதியிருப்பேன்," என்றாள் வாலாம்பாள்.

இந்த 'இருக்கட்டும்' என்ற வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புரூஃபில் ஒரு சொல்லை அடித்துவிட்டு, அப்புறம் அது சரிதான் என்று தோன்றினால், அதன் கீழே வரிசையாகப் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதுவார்கள். அடித்தது அடித்ததல்ல, அப்படியே விடு என்று அர்த்தம். வாலாம்பாள் எழுதிவிட்டால் அது சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. அச்சக முதலாளியே வந்து கேட்டாலும் எழுத்து நகராது. வீட்டிலும் அதே வார்த்தைதான். யாராவது விருந்துக்கு வந்து, எதற்கு சிரமம் என்றால் நாமெல்லாம் உபசாரத்துக்கு இருக்கட்டும் என்போம். அவள் சொன்னால் அதற்குக் கீழே புள்ளி விழுந்துவிட்டது என்று வைத்திக்குத் தெரியும்.

போன மார்கழியில் ஒருநாள் காலை. அவர் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் அந்த ஐம்பத்தெட்டை வெளியே எடுத்து லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாலு, என்னமோ பண்றது," என்றார் வைத்தி.

அவள் நிமிர்ந்தது அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அவள் விரலில் அந்தக் காசு விளிம்பில் நின்றதும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் தரை சில்லென்று கன்னத்தில் பட்டது. அப்புறம் சுடலைக்கண்ணு குரல். "மாமி, கதவத் தொறங்க, ஆம்புலன்ஸ் வாறதுக்குள்ள நான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கே போயிருவேன். சார், கண்ணத் தொறந்து வச்சுக்கிடுங்க. தூங்கிராதீங்க."

பிழைத்துவிட்டார். இதய ரத்தக்குழாயில் அடைப்பை எடுத்து, இரண்டு ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அவள் எப்படி இருந்தாள் என்பதைத் தானியேல்தான் பிற்பாடு வந்து வைத்தியிடம் சொன்னார். "அழவே இல்ல அண்ணாச்சி. அங்கன ஒரு அறிவிப்புப் பலகை. 'அமைதி காக்கவும்'ல ஒரு எழுத்துப் பிழை. அதையே பாத்துக்கிட்டு நிக்காங்க. நான் ஜெபம் பண்ணட்டுமாக்கான்னு கேட்டேன். பண்ணு, ஆனா தப்பில்லாமப் பண்ணுன்னாங்க."

வீட்டுக்கு வந்து கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும், வைத்தி ஜன்னலோரத்து மேஜைக்குப் போய் ஆல்பத்தைத் திறந்தார். ஐம்பத்தெட்டின் உறை காலியாக இருந்தது. கிரைண்டருக்கு அடியில் குனிந்து பார்க்கிற நிலையில் அவர் இல்லை. அவளைக் கேட்டார்.

"சாஸ்தாவுக்கு முடிஞ்சு வச்சிருக்கேன்," என்றாள், வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே.

நெல்லைப் பக்கத்தில் எந்தக் குடும்பமானாலும் எங்கேயாவது ஒரு வயல்வெளியிலோ குளக்கரையிலோ அதற்கென்று ஒரு சாஸ்தா இருப்பார். பங்குனி உத்திரத்துக்கு எங்கே இருந்தாலும் வந்துவிட வேண்டும். வீட்டில் யாருக்காவது உயிருக்கு ஆபத்து வந்தால், மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்து வேண்டிக்கொள்வார்கள். ஆள் பிழைத்து எழுந்தால் உத்திரத்தன்று கோயிலில் முடிச்சை அவிழ்த்து, காசை உண்டியலில் போட வேண்டும். முடிந்த காசு அப்போதிருந்தே சாமி காசு. அதை மாற்றக் கூடாது.

வைத்தி எழுந்து போய்ப் பூஜை அலமாரியைப் பார்த்தார். சாஸ்தா படத்துக்குப் பின்னால், மஞ்சள் காய்ந்து விறைத்த ஒரு சின்ன முடிச்சு. ஈரம் ஆகாது என்று ஊரெல்லாம் பொட்டலம் சேர்த்தவள், ஈர மஞ்சளில் அதைச் சுற்றி வைத்திருக்கிறாள். அவருக்கு நெஞ்சு வலித்தது. இந்தத் தடவை டாக்டர் சொன்ன வலி இல்லை.

விஷயம் தெரிந்ததும் முகுந்தன் அவளைப் போனில் பிடித்துக்கொண்டான். "பாவம், பதட்டத்துல கையில இருந்ததை முடிஞ்சிருக்கே. யாரா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பா. அதை எடுத்துட்டு ஒரு ரூபாயை வைம்மா. சாமி என்ன லென்ஸ் வச்சுண்டா பாக்கப் போறார்?"

"இருக்கட்டும்," என்றாள் வாலாம்பாள்.

சுடலைக்கண்ணு தன் பங்குக்குச் சொன்னான். "மாமி, வெள்ளில ஒரு வேலு செஞ்சு போட்டுருவோம். அதவிட எடையும் கூட. சாமிக்கும் சந்தோசம்."

"இருக்கட்டும் சுடலை."

தானியேல் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். அவருக்கு அந்த வார்த்தை தெரியும்.

வைத்திக்குத்தான் மனசு கேட்கவில்லை. தன்னால்தானே போகிறது என்று இருந்தது. அவள் அந்தக் காசுக்கு முன்னால் சின்னப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்த காலைகள் எல்லாம் கண்ணுக்குள் வந்தன. அந்த மேஜை இப்போது பெரும்பாலும் சும்மாதான் கிடந்தது. அவள் கையைக் கழுவுவாள், துண்டில் துடைப்பாள், ஆல்பத்தைத் திறக்காமல் அடுக்களைக்குப் போய்விடுவாள். பங்குனியும் பிறந்துவிட்டது. ஒருநாள் மத்தியானம் அவள் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, வைத்தி தன் பழைய வேஷ்டியில் ஒரு ஓரத்தைக் கிழித்தார். மஞ்சளைக் குழைத்து நனைத்தார். ஆல்பத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து, தேய்ந்து முகமே இல்லாமல் போன ஒரு பத்து சென்ட்டை எடுத்தார். வெள்ளிக்கு வெள்ளி, அமெரிக்காவுக்கு அமெரிக்கா. அரைக்காசுக்குப் பதில் முழுக்காசு வேறு. சாஸ்தாவுக்கு இரட்டிப்பு லாபம், இதில் அவர் என்ன குறை சொல்லப் போகிறார் என்று தனக்குத்தானே வக்கீலாக வாதாடிக்கொண்டார். முடிந்தார், துணி காய்கிறவரை வெயிலில் வைத்தார், படத்துக்குப் பின்னால் மாற்றி வைத்தார். அவளுடைய முடிச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி பேப்பரைப் பிரித்தார்.

சாயங்காலம் விளக்கேற்றப் போனவள் அலமாரி முன்னால் நின்றாள். திரும்பவே இல்லை.

"ஏன்னா."

"என்ன?"

"இது யார் போட்ட முடிச்சு?"

வைத்தி பேப்பருக்குள் தலையை இன்னும் கொஞ்சம் நுழைத்தார்.

"நான் போடறது பார்சல் முடிச்சு, பிரஸ்ல கட்டுக் கட்டறாப்பல. இடது பக்கமா சுத்தி இழுத்திருப்பேன். இது வேஷ்டி முடிச்சு." கையை நீட்டினாள். "கொடுங்கோ."

பிழை பிடிக்கிறதையே பிழைப்பாக வைத்திருந்தவளிடம் இந்தக் காரியம் பண்ணப் போன தன் புத்தியைத்தான் சொல்ல வேண்டும். பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார்.

"உனக்கு இருக்கறது அது ஒண்ணுதானேடி. பதட்டத்துல, கையில இருந்ததை முடிஞ்சுட்டே. அதுக்குப் போய் இவ்வளவு பிடிவாதமா?"

வாலாம்பாள் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பதட்டம்தான். ஆனா கையில இருந்ததை முடியலை. நீங்க விழுந்ததும் அதை உறைக்குள்ள வச்சுட்டுத்தான் ஓடி வந்தேன். எப்படி வச்சேன்னு தெரியலை, கை பழக்கம். சுடலையைக் கூப்பிட்டுட்டு, மஞ்சத்துணியைக் கிழிச்சேன். பால்காரனுக்கு வச்ச சில்லறை மேஜை மேலயே இருந்தது. ரூபாயைத்தான் எடுத்தேன். துணியிலயும் வச்சேன்."

"அப்பறம்?"

"அப்பறம் எடுத்துட்டேன்."

"ஏன்?"

"ஒத்த ரூபாய்க்கா உங்களைக் கேக்கறது?" என்றாள். அவள் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் உடைந்தது. "கேக்கறது பெரிசு. அப்போ, என்கிட்ட இருக்கறதுலயே பெரிசு எதுவோ அதைத்தானே கொடுக்கணும். ஆல்பத்தைத் திரும்பத் திறந்தேன். அதைத்தான் எடுத்தேன். தெரிஞ்சுதான் எடுத்தேன். அது பிழை இல்லை. நீங்க எல்லாரும் பிழைன்னு அடிச்சுண்டே இருக்கேள்."

வைத்திக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவர் மறைக்கவும் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவள் தன்னை எவ்வளவு என்று எடை போட்டு வைத்திருக்கிறாள் என்று அவர் கேட்டதே இல்லை. கேட்கிற வழக்கமும் அந்த வீட்டில் இல்லை. ஒரு கிராமும் கொஞ்சமும் இருக்கிற ஒரு வெள்ளிப் பொட்டு அதைச் சொல்லும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். லென்ஸை எடுத்துவிட்டுப் பார்த்தால் வெறும் பொட்டு, லென்ஸை வைத்தால் உள்ளே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். முதன்முதலாக லென்ஸில் பார்த்த மத்தியானம் வந்த அதே மலைப்பு இப்போது இவளைப் பார்த்து வந்தது.

"அந்தப் பத்து சென்ட்டை இருந்த இடத்துல வச்சுடுங்கோ," என்றாள் எழுந்துகொண்டே. "விளிம்பைப் பிடிச்சு."

பங்குனி உத்திரத்தன்று சுடலைக்கண்ணு யாரிடமோ கார் வாங்கிக்கொண்டு வந்தான். சாஸ்தா கோயிலில் நல்ல கூட்டம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த பங்காளிக் குடும்பங்கள், பனைமர நிழலில் பொங்கல் பானைகள், வெயில், புகை. "பைய எறங்குங்க சார், அவசரமில்ல," என்று சுடலைக்கண்ணு கையைக் கொடுத்தான். வைத்தி மெதுவாக நடந்தார். வேஷ்டி மடிப்பில் லென்ஸைச் செருகிக்கொண்டு வந்திருந்தார். அது அவளுக்குத் தெரியாது.

சந்நிதியில் தீபாராதனை ஆனதும் அவள் முடிச்சை அவிழ்த்தாள். விறைத்த துணி எளிதில் பிரியவில்லை. நகத்தால் நெம்பி, இடது பக்கமாகச் சுற்றியதை வலது பக்கமாகப் பிரித்தாள். காசு வெளியே வந்தது. ஒரு பக்கம் மஞ்சள் கறை ஏறியிருந்தது, இன்னொரு பக்கம் கருநீலமாக ஏதோ படர்ந்திருந்தது. பழக்கம் போகுமா, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாக விளிம்பைத்தான் பிடித்திருந்தாள்.

வைத்தி லென்ஸை எடுத்து நீட்டினார்.

"ஒரே ஒரு தடவை பாத்துடேன், வாலு."

அவள் லென்ஸைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரித்தாள்.

"இருக்கட்டும்."

காசை இடது உள்ளங்கையில் போட்டாள். பிறகு வலது கட்டைவிரலை, பாறைமேல் உட்கார்ந்திருந்தவள் முகத்தின்மேல் முழுசாக வைத்து, அழுத்தி, தூங்கும் குழந்தையின் நெற்றியைத் தடவுகிற மாதிரி ஒரு தடவை மெதுவாகத் தேய்த்தாள். அதே விரலால் அதை உண்டியல் வாய்க்குள் தள்ளினாள்.